ஏழாவது சுற்றில் சுரூபம் தூக்கியவன்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் துன் என்ற ஏரிக்கரை நகரில் நான்கே அணிகள் ஆடும் சின்ன அமெரிக்கன் புட்போல் போட்டி ஒன்று உண்டு. அணிகள் முறைவைத்து ஆட்களைத் தெரிவுசெய்யும். மொத்தம் ஏழு சுற்று. பார்க்கப் போனேன். முதல் சுற்றுகளில் பந்தை எறிகிறவன், ஓடுகிறவன், பிடிக்கிறவன். எறிகிறவனை எதிரணி நசுக்காமல் முன்னால் நின்று தாங்கும் ஐந்து பேரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பந்திக்கு முந்துகிறவனுக்கு மாலை, படைக்கு முந்துகிறவனுக்கு ஏழாவது சுற்று!

2

தொடக்கம் அ: யூட் எறிந்த பந்து ஏரிக்கு மேலால் பறந்து

(வேண்டாம். மைதானத்திலிருந்து ஏரி தெரியாது. பந்தெறிகிற நட்சத்திரம் யூட்டைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.)

தொடக்கம் ஆ: கிறிஸ்ரி ஒரு ஹோட்டலின் சலவை அறையில் வேலைசெய்கிறான். நூற்றுப் பதினெட்டுக் கிலோ. இரண்டு வருடம் தெரிவுக்கு வந்து, யாரும் எடுக்காமல் திரும்பியவன். இருபத்தைந்து வயதுக்கு மேல் புதியவர்களைச் சேர்க்க மாட்டார்கள். அவனுக்கு இதுதான் கடைசித் தடவை.

(இது கதையா, விண்ணப்பப் படிவமா? இருந்துவிட்டுப் போகட்டும்.)

3

மிதுஷா யூட்டின் அணிக்குத் தெரிவுப் பட்டியல் வைத்திருப்பவள். தயாபரன் பயிற்சியாளர். ஏழாம் சுற்றில் அவர்கள் இன்னும் ஒருவரை எடுக்கலாம்.

"அண்ணை, இந்தச் சலவை அறைப் பெடியனை எடுப்பம்."

"ஓட்டத்தில கடைசியா வந்தவன். உனக்கென்ன விசரோ?"

"ஓடுறதுக்கோ எடுக்கிறம், முன்னுக்கு நிண்டு தாங்கத்தானே? மாதா திருவிழாவில சுரூபம் தூக்கேக்க பாத்தனான். வாசல் ஒடுக்கம், திரும்ப ஏலாது. இவன் சிலையை முன்னுக்குப் பிடிச்சு, முழங்காலை மடிச்சபடி, பின்பக்கமாப் படி இறங்கினவன். சனம் வந்து இடிக்குது, ஆள் அசையேல்ல. மாதாவின்ர கையில வைச்ச பூக்கூட விழேல்ல."*

"கோயில் வேற, விளையாட்டு வேற, பிள்ளை. பந்து பிடிக்க இன்னொருத்தன் வேணும். சனம் அதைத்தான் பாக்க வரும்."

"போன வருசம் யூட்டின்ர தோள்மூட்டு ஏன் கழண்டது? முன்னுக்கு நிக்க ஆளில்லாமல்தானே?"

தயாபரன் பேனையை எடுத்துப் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார்.

* அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். மாதா இருக்கிறார், பூ இருக்கிறது. ஒரு படத்தில் மட்டும் அவனுடைய முழங்கை இருக்கிறது.

4

ஊரைத் திட்டுகிற நான் என்ன செய்தேன்? இந்தக் கதையின் முதல் ஆறு பிரதிகளிலும் யூட்டைத்தான் நாயகனாக வைத்தேன். இவனை ஏழாவது பிரதியில்தான் எடுத்தேன். வெட்கமாக இருக்கிறது. அதைவிட எரிச்சலாக இருக்கிறது.

முடிவு ஒன்று: எடுக்கிறார்கள். யூட் ஒருதடவைகூட விழாமல் போட்டிப் பருவத்தை முடிக்கிறான். (கைதட்டல் யாருக்கு? யூட்டுக்கு. கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: எடுக்கவில்லை. அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு

(முடியாது. எழுத மாட்டேன்.)

5

ஆகவே நீங்களே முடியுங்கள். தயாபரன் பேனையை உங்கள் பக்கம் நீட்டுகிறார்.

"சரி, ஆரெண்டு நீங்களே சொல்லுங்கோ."

சுவரோடு நின்று அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். யூட்டின் பெயர் உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். இவனுடைய பெயரை நான் ஒரே ஒரு தடவைதான் எழுதினேன்.

மேலே போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள்.