மூலை மனையில் ஒரு பெட்ரோல் பங்க்

அந்தத் தெருவில் வண்டி நின்றுபோனால் எல்லோருடைய கால்களும் கிரீஸ் அக்காவின் பட்டறைப் பக்கம்தான் திரும்பும். பாதி வண்டிகளில் பழுதே இருக்காது, பெட்ரோல் தீர்ந்திருக்கும். "என்னன்னே தெரியலக்கா, திடீர்னு நின்னுடுச்சு" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வார்கள். அக்கா வண்டியை ஒரு குலுக்குக் குலுக்கிக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "தாகத்துல மயங்கிக் கிடக்குப்பா. வாய்க்கு ஊத்தாம வேலை மட்டும் வாங்கினா எப்படி?" என்பாள்.

பங்க்குக்குப் போக ஆற்றுப்பாலம் தாண்ட வேண்டும். பட்டறையை ஒட்டியே அக்காவின் மூலை மனை சும்மா கிடந்தது. அங்கே ஒரு பங்க் வைத்தால் என்ன என்று தோன்றியதுதான் தாமதம், அலைந்து திரிந்து எண்ணெய்க் கம்பெனிக்காரரைக் கூட்டிவந்து காட்டினாள். தீயணைப்புத் துறையில் சம்மதம் வாங்கினாள். மிச்சம் இருந்தது நகராட்சி. அது வீடுகளுக்கென்று ஒதுக்கிய பகுதி. சின்னப் பட்டறையைக் கண்டுகொள்ளாமல் விட்டவர்கள், பெட்ரோல் என்றதும் கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்வோம் என்றார்கள். இந்தக் கூட்டத்தில் அனுமதி கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் வேறு மனை பார்த்துக்கொள்வதாகக் கம்பெனி சொல்லிவிட்டது.

ஆட்சேபம் தெரிவித்தது ஒரே ஒருத்திதான். அந்த ஒருத்தி அக்காவின் நாத்தனாராக இருந்துவிட்டாள், அதற்கு யார் என்ன செய்வது! மனையின் இன்னொரு பக்கத்து வீடு அவளுடையது. ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டுக் கல்யாண உடுப்புகள் தைக்கிறவள்.

"உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல அண்ணி" என்றாள், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று. "ஆனா துணி ஒரு வாடையைப் பிடிச்சா விடாது. பொண்ணும் மாப்பிள்ளையும் பெட்ரோல் நாத்தத்தோட மேடையேறினா, அப்புறம் யாரு என்கிட்ட துணி குடுப்பா?"

"நாத்தமா? அடிப் போடி! நாளெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கேன். எனக்கு ஒண்ணும் தெரியலையே?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அக்காவின் காதில் அது ஏறவில்லை.

கூட்டத்துக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து ஒருவர் செயின் கழன்ற வண்டியோடு வந்து நின்றார். போங்கள் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வராது. மாட்டிக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் கை இரண்டும் கரி. மெக்கானிக்குகள் என்ன செய்வார்களோ அதையே செய்தாள். பெட்ரோலில் துணியை நனைத்து அழுந்தத் துடைத்தாள். கை பளிச்சென்று ஆயிற்று. அந்த ஈரத்துணியைப் பழக்கதோஷத்தில் கைப்பைக்குள் செருகிக்கொண்டு, இஸ்திரி போட்ட உடுப்பில் ராணி மாதிரி நடந்தாள்.

கூட்ட அறையில் மின்விசிறி கடகடத்தது. தலைவர் நடுவில். சுவரில் மனையின் வரைபடம், அதன் பக்கத்தில் நகரமைப்பு அதிகாரி. மனைவி ஒருபுறமும் தங்கை மறுபுறமும் உட்கார்ந்துவிட்டதால், அக்காவின் வீட்டுக்காரர் கதவோரமாக ஒரு நாற்காலியைத் தேடிக்கொண்டார்.

அக்கா மைக்கைப் பிடித்தாள். "ஐயா, ஒரு பொட்டு வாடை வராது. அதுக்கு நான் பொறுப்பு. என் மூக்கு மேல சத்தியம்!"

தலைவர் மூக்கைச் சுளித்தார். அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். "வெளியில யாராவது ஜெனரேட்டருக்கு பெட்ரோல் ஊத்துறாங்களா, பாருங்க" என்றார் தலைவர். காவலாளி வெளியே போய்ப் பார்த்தார், ஒன்றுமில்லை. உள்ளே வந்து வரிசை வரிசையாக மோந்துகொண்டே நடந்து, கடைசியில் அக்காவின் எதிரில் நின்றார்.

"அம்மா, வாடை உங்க பையிலிருந்துதான் வருது."

அறை குலுங்கிச் சிரித்தது. நாத்தனார் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இன்னொருத்தியாக இருந்தால் அங்கேயே கூனிக் குறுகியிருப்பாள். அக்கா பையைத் தூக்கிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் தானும் சேர்ந்து சிரித்தாள்.

"ஐயா, நான் பொய் சொல்லல. என் மூக்கு எப்பவோ வேலையை விட்டுப் போயிருக்கு, எனக்குத்தான் தகவல் வரல. அதனால மூக்கு இருக்கிறவளையே கேட்டுருவோம்." நாத்தனார் பக்கம் திரும்பினாள். "வாடீம்மா. எப்படி வச்சா உன் துணிக்கு ஆகும்? நீயே சொல்லு."

சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு இது புதிதாக இருந்தது. தயங்கித் தயங்கி வரைபடத்தின் அருகில் வந்தாள்.

"காத்து எப்பவும் எங்க வீட்டைப் பார்த்துதான் அடிக்கும். தொட்டியையும் ஆவி போற குழாயையும் எங்க சுவரோரமே போட்டிருக்கீங்க. இதை அப்படியே அந்தக் கோடிக்குத் தள்ளிட்டா..."

விரல் பாதியில் நின்றது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். "அங்க அண்ணியோட பட்டறை இருக்கு."

 பங்க் வந்தாலும் பட்டறை நிற்கும் என்றுதான் அக்கா நினைத்திருந்தாள். அதற்காகத்தான் தொட்டியையே நாத்தனார் வீட்டுப் பக்கம் ஒதுக்கச் சொன்னாள். பட்டறை மழைக்கு ஒழுகும், வெயிலுக்குக் கொதிக்கும். இருந்தாலும் ஒவ்வொரு தகரமும் அவள் தூக்கி நிறுத்தியது. வரைபடத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பெட்ரோல் இல்லாமல் பாலத்தில் வண்டி தள்ளுகிற முகங்களையும் நினைத்துப் பார்த்தாள்.

"பட்டறையைப் பிரிச்சுடறேன். எழுதிக்கோங்க."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. எழுதினா அப்புறம் மாத்த முடியாது" என்றார் அதிகாரி.

"வண்டி பார்க்க ஒரு ஸ்பானரும் கொஞ்சம் நிழலும் போதும் சார். அதை வீட்டு வாசல்ல வச்சுப்பேன். பங்க்கை வாசல்ல வைக்க முடியுமா?"

தலைவர் நாத்தனாரைப் பார்த்தார்.

"அப்படின்னா எனக்கு ஆட்சேபம் இல்லைங்க" என்றாள் அவள்.

உறுப்பினர்களின் கைகள் உயர்ந்தன. தொட்டியை இடம் மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

படியிறங்கும்போதே அக்கா அடுத்த வேலைக்குத் தாவிவிட்டாள். "காலையிலயே தகரத்தைக் கழட்டணும். ரெண்டு ஆள் கிடைச்சா நல்லது."

"ஆள் எதுக்கு அண்ணி? அண்ணன் சும்மாதானே இருக்காரு?"

இருவரும் ஒன்றாகத் திரும்பிப் பின்னால் வந்தவரைப் பார்த்தார்கள். அதுவரை யார் பக்கமும் சேராமல் தப்பித்துவந்த மனிதர், இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்பதைக் கண்டதும், சட்டைக் கையை மடித்துவிட ஆரம்பித்தார்.