ராணியின் வெங்காயப் பாத்தி

அரசரின் கோடை மாளிகையைப் பார்க்க வருபவர்களுக்குச் சுற்றிக்காட்டுவது அவள் வேலை. புதிதாக வந்த மேலாளர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

"ரோஜாத் தோட்டத்துக்கு வந்ததும், ராஜா ராணிக்காக ஆசை ஆசையா வச்சதுன்னு சொல்லுங்கம்மா."

"ராணியை இங்க ஒதுக்கி வச்சதே அவர்தான் சார். அவர் கோடையில வேட்டைக்கு வருவார், போவார். மத்த மாசமெல்லாம் அந்தம்மா தனியாத்தான் கிடந்தாங்க. அரண்மனையிலேருந்து சாமான் வர்றது நின்னப்போ, ரோஜாவைப் பிடுங்கிட்டு வெங்காயமும் முட்டைக்கோசும் போட்டாங்க. வேலைக்காரங்க எல்லாரும் அதுலதான் வயித்தைக் கழுவினாங்க. இப்ப இருக்கற ரோஜா நம்ம ஆபீஸ் வச்சது."

"வெங்காயத்தைப் பாக்க எவன் டிக்கெட் எடுப்பான்?"

அந்த மாதமே ரோஜாப் பாத்தி நடுவில் இதய வடிவில் ஒரு வளைவு எழும்பியது. கீழே 'காதல் சின்னம்' என்று பலகை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும் வாயைத் திறக்காமல் கூட்டத்தைக் கடத்திக்கொண்டு போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்காவும் அத்தானும் வந்தார்கள். பலகையைப் படித்ததும் அக்கா உருகிவிட்டாள்; வளைவில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டாள்.

"எவ்வளவு ஆசை பாருங்க! நீங்களும் இருக்கீங்களே, ஒரு தொட்டிச் செடி வாங்கிக் குடுத்திருப்பீங்களா?"

அத்தான் பரிதாபமாக மைத்துனியைப் பார்த்தார். அவ்வளவு நாளும் அவள் அடக்கிவைத்தது பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, அது பச்சைப் பொய்! அந்த மனுஷன் பொண்டாட்டியைத் திரும்பிக்கூடப் பாக்கல!"

"அப்படிப் போடு!" என்றார் அத்தான்.

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி, "அந்த வெங்காயப் பாத்தி எங்கங்க?" என்று கேட்டாள்.

"இந்த வளைவுக்கு அடியிலதான். சிமென்ட் போட்டு மூடிட்டாங்க."

அக்காவின் முகம் சிவந்தது. "ஒரு நாள் சந்தோஷமா இருக்க விடமாட்டியே! எதுக்கெடுத்தாலும் வாத்தியார் வேலை!" என்று வெடுக்கென்று நடந்தாள். அத்தான் கையைப் பிசைந்துகொண்டே பின்னால் ஓடினார்.

மறுநாள் மேலாளர் கத்தவில்லை. "உங்களுக்கு ரெஸ்ட் வேணும்மா" என்று சொல்லி, வாசலில் பைகளை வாங்கி வைக்கும் கூண்டுக்கு மாற்றிவிட்டார். கத்தியிருந்தால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இப்போது புதிதாக வந்த பெண் மைக்கில் சொல்வது கூண்டுவரை கேட்கிறது. ரோஜா நட ராஜா தன் கையாலேயே குழி தோண்டினாராம். அது நேற்றுவரை கதையில் இல்லை.

அந்த நேரம் பார்த்து அக்காவிடமிருந்து போன் வந்தது. "அந்த வளைவுல எடுத்த போட்டோவை எல்லாரும் கேக்கறாங்கடி! அடுத்த வாரம் நாத்தனார் வீட்டோட வர்றோம். சும்மா உள்ள விடச் சொல்லேன்."

"என்னையே உள்ள விடலைக்கா."

"அதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன், வாயை வச்சிக்கிட்டு சும்மா இருன்னு."

போனை வைத்துவிட்டு, அடுத்து வந்த பையை வாங்கி அலமாரியில் ஓங்கிச் செருகினாள். உள்ளே ஏதோ நொறுங்கியது. பைக்காரர் எட்டிப் பார்த்தார். அவள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.