முருகையனின் எடை

நீதிமன்றம் அவன் இறந்துவிட்டதாகத் தீர்ப்பளித்து ஒன்பது மாதம் கழித்து முருகையன் வீட்டுக்குத் திரும்பி வந்தான். ரேஷன் கடைத் தராசில் ஏற்றி நிறுத்தியபோது எண் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. மயிலாப்பூரில் கால்வாய் ஓரத்துக் குடியிருப்பில் ஒருவரையும் விட்டுவைக்காத கொசுக்கள் அவனை மட்டும் கடிக்கவில்லை. எட்டரை வருடங்களுக்கு முன்பு கொசுவர்த்தி வாங்கி வருகிறேன் என்று போனவன், கையில் கொசுவர்த்திப் பெட்டியோடுதான் வந்து நின்றான். எங்கே போனாய் என்று கேட்டால் ஒரு நாள் சூரத் என்பான், மறுநாள் திருப்பதி என்பான்.

அவன் மனைவி வேலம்மா அதுவரை சும்மா இருக்கவில்லை. ஆழ்வார்பேட்டையில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து மகளை நர்சிங் படிக்கவைத்தாள். அதில் ஒரு வீடு வக்கீல் கல்யாணராமனுடையது. ஏழு வருடம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் அவர் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று சொல்லி வழக்குப் போட்டவர் அவர்தான். அடையாறில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளனாக இருந்தவன் முருகையன். தீர்ப்பு வந்ததும் கருணை அடிப்படையில் வேலம்மாவுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. தாலியைக் கழற்றிய அன்று அழுதவள்தான். ஆனால் நியமன ஆணையில் தன் பெயரைப் பார்த்த அன்று வந்த சந்தோஷத்தை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. நாற்காலி உண்டு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டு; பாத்திரம் தேய்த்த வீடுகளில் இரண்டும் கிடையாது.

மின்விசிறியைப் போட்டால் முருகையன் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டான். டீக்கடை பெஞ்சில் மடியில் செங்கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தெரு ஒரு வாரம் வேடிக்கை பார்த்தது. பிறகு தண்ணீர் லாரி வராத கவலையில் அவனை மறந்தது. அவனால்தான் தாங்க முடியவில்லை. வக்கீலிடம் போய், தான் உயிரோடு இருப்பதாக மனு எழுதித் தரச் சொன்னான். கல்யாணராமன் எழுதிக் கொடுத்தார். கையோடு வேலம்மாவையும் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார்.

"தீர்ப்பை ரத்து பண்ணிட்டா இவனுக்கு எடை திரும்பிடும். ஆனா உன் வேலை அந்தத் தீர்ப்பு மேலதான் நிக்கறது, அதுவும் போயிடும். சொல்லாம கொள்ளாம ஓடினவனுக்கு அதைத் திருப்பியும் தரமாட்டா."

வேலம்மா பத்து நாள் நயமாகப் பேசிப் பார்த்தாள். ஆம்பளைக்கு வெயிட்டு வேண்டும் என்பதையே அவன் திருப்பித் திருப்பிச் சொன்னான். திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போவதென்று முடிவும் செய்துவிட்டான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், முருகையன் எம்மாத்திரம்? ஞாயிறு காலை மனுவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவனைக் காற்று தூக்கியது. துணி உலர்த்திக்கொண்டிருந்த வேலம்மா எட்டி அவன் கணுக்காலைப் பிடித்தாள். விட்டால் பட்டினப்பாக்கம் தாண்டிக் கடல்தான். விட்டுவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது என்பதையும் சொல்லியாக வேண்டும். விடவில்லை.

"எட்டு வருசம் எனக்காவ நீ இன்னா பண்ண?" என்றாள். "இப்ப ஒண்ணே ஒண்ணு பண்ணு. செத்தவனாவே இரு. சோறு நான் போடறேன்."

முருகையன் கீழே பார்த்தான். கொடியில் அவளுடைய ஆபீஸ் புடவைகள் இரண்டு படபடத்துக்கொண்டிருந்தன. அவள் பிடி தளரவில்லை.

"நீ கெட்டியா புடிச்சிக்கினு இரு" என்று சொல்லிவிட்டு, மனுவை எடுத்துக் காற்றில் விட்டான். அது கால்வாயைத் தாண்டிப் போயிற்று.

அந்த வாரமே ஆடி அமாவாசை வந்தது. வேலம்மா அவன் படத்துக்கு மாலை போட்டு முறைப்படி படையல் வைத்தாள். முருகையனே இலைமுன் உட்கார்ந்து, வடை கொஞ்சம் கருகல் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். காகம் அவன் எழுந்திருக்கும்வரை கைப்பிடிச் சுவரில் காத்திருந்தது. தாலியை அவள் மறுபடி கட்டிக்கொள்ளவில்லை, அவனும் கேட்கவில்லை. பழைய புடவையால் இடுப்பைக் கட்டில் காலோடு பிணைத்துக்கொண்டு அவன்தான் இப்போது கீரை ஆய்கிறான், வெங்காயம் உரிக்கிறான். காலையில் அலுவலகம் கிளம்பும்போது வேலம்மா கேஸ் மூடியிருக்கிறதா, முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறாள்.