குழாய்க்காரன்

நூலகத்தின் மாடி அறையில், கறுப்புத் துணித் திரைக்குப் பின்னால், ஒரு வளைந்த தகரக் குழாயைக் கையில் பிடித்தபடி இயக்குநர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். நாற்பது வயதுப் பெண்மணி இந்தக் கோலத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அவளுக்கோ காலையிலிருந்தே பயம்.

பயப்படக் காரணம் இருந்தது. குழந்தைகளும் குடும்பமும் சேர்ந்து பார்க்கிற கதைசொல்லி நாடகங்களை உருவாக்குவதற்காக ஓர் அறக்கட்டளையினர் நான்கு இயக்குநர்களைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதத்துக்கு நிதியும் ஆளுக்கொரு முறை வந்து பார்த்துச் சொல்ல ஒரு வழிகாட்டியும் கொடுத்திருந்தார்கள். இன்று கடைசியாக அவளுடைய மாதிரிக் காட்சி. நான்கு பேரில் ஒருவருடைய நாடகம்தான் முழுதாக மேடையேறும். மற்ற மூவரும் வந்த வழியே பள்ளி ஆண்டு விழாக்களுக்குத் திரும்பிப் போய், முயல் வேஷத்துக்குக் காது ஒட்ட வேண்டியதுதான். அவள் பதினோரு வருடம் காது ஒட்டியவள். போதும் போதும் என்றாகிவிட்டது.

வழிகாட்டி அவளைவிட நான்கு வயது இளையவள். பொம்மலாட்டத்திலிருந்து வந்தவள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்றுதான் பேசுவாள். அவளிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. காட்சி நடக்கும்போது மேடையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழந்தைகளைப் பார்த்தபடி உட்காருவாள். எந்தக் குழந்தையாவது வேறு பக்கம் பார்த்தால் நோட்டில் ஒரு கோடு போடுவாள்.

"நாடகம் நல்லாருக்கான்னு கேட்டா என் கண்ணு பொய் சொல்லும். அதுங்க கழுத்து பொய் சொல்லாது" என்பாள்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தாள். நாடகக்காரர்களின் சொந்தப் பிள்ளைகள் பார்க்க வரக் கூடாது. வீட்டிலேயே கதையைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் சரியான இடத்தில் சிரித்துவைப்பார்கள், மற்றவர்களும் கூடச் சேர்ந்துகொள்வார்கள். "சொந்தப் பிள்ளையை உட்கார வச்சு ஒப்பேத்தினா அந்தக் காட்சியை நான் கணக்குலயே எடுத்துக்க மாட்டேன்."

மற்ற மூன்று இயக்குநர்களும் முகம் சுளித்தார்கள். இவள் மட்டும் உள்ளுக்குள் அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள்.

அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள். வீட்டில் மிளகு என்றுதான் கூப்பிடுவார்கள். உருவமும் அந்த அளவு, காரமும் அந்த அளவு. போன வருடம் ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தபோது மிளகு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோடு காதாக ஒன்று சொன்னாள். சுவருக்குள் போகிற குழாயில் ஒருத்தன் இருக்கிறான். குழாய் அளவுக்கே ஒல்லி. குளித்த தண்ணீர் வடியும்போது அவ்வளவையும் குடித்துவிட்டு "யாரு பாக்கி?" என்று கேட்பான். உடனே "யாரும் இல்லை" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு நிலைப்படியைத் தாண்டிக் குதித்துவிட வேண்டும். வாய் தவறிப் பெயரைச் சொன்னால் தொலைந்தது.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதும்மா. அப்பாகிட்ட கூட. வெளிய தெரிஞ்சா அவன் வந்துடுவான். சத்தியம் பண்ணு."

சோப்பு நுரை வழிந்த அந்தச் சின்னக் கையில் அடித்து அம்மா சத்தியம் செய்தாள்.

அந்த வாரமே நிதியுதவிக்கான விண்ணப்பம் வந்து சேர்ந்தது. 'உங்கள் கதை எங்கிருந்து பிறந்தது?' என்று அதில் ஒரு கேள்வி. நான்கு நாள் பேனாவைக் கடித்துத் துப்பினாள். ஐந்தாம் நாள் 'ஒரு குழந்தை சொன்னது' என்று எழுதினாள். அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. தப்பு என்று தெரியாமல் எழுதினாள் என்று சொல்லி அவளைத் தப்பவிட எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தேதான் எழுதினாள். எழுதிய தாள்களைப் பீரோவின் மேல் ஒளித்து வைத்தாள். "என்ன நாடகம்மா?" என்று மிளகு கேட்டபோது "முயல் கதை" என்றாள். காட்சிக்கு வர வேண்டாம் என்று கணவனிடமும் சொல்லிவைத்தாள். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

திரையில் ஒரு விரலளவு கிழிசல் இருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தாள். பாய்களில் முப்பது குழந்தைகள், பின்னால் நாற்காலிகளில் பெற்றோர்கள், வாசலோரம் செருப்புக் குவியல். வழிகாட்டியின் முதுகு. அதற்கு இந்தப் பக்கம் குழுவின் ஒரே நடிகன், ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒட்டடைக்குச்சி. அவனுடைய அப்பா வைத்த பெயர் குழுவில் யாருக்கும் நினைவில்லை. கதைசொல்லியும் அவன்தான், குழாய்க்காரனும் அவன்தான். குழாய்க்காரனின் குரல் மட்டும் இயக்குநருடையது. தகரக் குழாயின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் அரைகுறையாக அமிழ்த்தி, மறுமுனையில் வாய் வைத்துப் பேசினால் வருகிற அந்தக் குரலை அவளாலேயே சகிக்க முடியாது.

காட்சி தொடங்கிப் பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. குழாய்க்காரன் கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று ஒட்டடைக்குச்சி குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தான். வழிகாட்டியின் பென்சில் அசையவே இல்லை. அப்போது கதவு திறந்தது.

கணவன் குனிந்தபடி உள்ளே வந்தான். கையில் மிளகு, மஞ்சள் ஸ்வெட்டரில். வெட்கப்பட்டுக்கொண்டு வர வேண்டாம் என்கிறாள் என்று அவனாகவே நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. திரையைப் பார்த்துப் பெருமையாக ஒரு சிரிப்பு சிரித்தான். மிளகு மூன்றாவது வரிசைப் பாயில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

இயக்குநர் கிழிசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மேடையில் ஒட்டடைக்குச்சி குளிக்கிற பாவனையை முடித்து, தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினான். தரையில் காதை வைத்தான். "தண்ணி போகுது... போகுது... போயே போச்சு." இங்கேதான் குரல் வர வேண்டும். வரவில்லை. "போயே போச்சு" என்றான் மறுபடியும். அவன் பார்வை திரைப்பக்கம் ஓடியது.

குழாயைக் கீழே வைத்துவிட்டால் போதும். திடீரென்று வயிற்றுவலி என்றால் யார் நம்பமாட்டேன் என்று சொல்லப்போகிறார்கள்? ஆனால் காட்சி அங்கேயே நின்றுவிடும். ஆறு மாதமும் போய்விடும். மறுபடியும் முயல், மறுபடியும் காது. சின்னப் பிள்ளை, ஒரு வருடத்தில் மறந்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நேற்றுகூடக் குளியலறை நிலைப்படியைத் தாண்டிக் குதித்து அவள் தன் கைகளில் விழுந்தது நினைவுக்கு வந்தது. அதைத் தள்ளிவிட்டுக் குழாயில் வாயை வைத்தாள்.

"யாரு... பாக்கி?"

முன்வரிசையில் யாரோ வீல் என்று கத்த, அடுத்த நொடி முப்பது குழந்தைகளும் "யாரும் இல்லை! யாரும் இல்லை! யாரும் இல்லை!" என்று கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி கத்தினார்கள். கத்திவிட்டுச் சந்தோஷத்தில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள்.

மிளகு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் ஒட்டடைக்குச்சியைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் இருந்த கிழிசலைப் பார்த்தாள். கிழிசலுக்குள் இருந்த கண்ணை.

காட்சி முடிந்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கணவன் வண்டியை எடுக்கக் கீழே இறங்கினான். வழிகாட்டி நோட்டோடு வந்தாள். அவள் முகத்தில் இதுவரை பார்த்திராத மலர்ச்சி.

"மொத்தம் நாலே கோடு! எனக்கே நம்ப முடியல. மூணாவது வரிசையில லேட்டா வந்துச்சே மஞ்சள் ஸ்வெட்டர், அது கண்ணையே இமைக்கல. பயம்னா அதுதான் பயம். யார் பொண்ணுங்க அது?"

இயக்குநர் தகரக் குழாயை வாளியில் சாய்த்து வைத்தாள். சொன்னால் காட்சி கணக்கில் வராது.

"தெரியலீங்க. யாரோ கூட்டிட்டு வந்திருக்காங்க."

சொல்லி முடித்துவிட்டுத்தான் வாசல் பக்கம் பார்த்தாள். செருப்புக் குவியலுக்கு நடுவில், ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டியபடி மிளகு நின்றிருந்தாள்.

சாயங்காலம் வழிகாட்டியே போன் செய்தாள். இயக்குநருடைய நாடகம்தான் தேர்வாகியிருந்தது. கணவன் கூடத்தில் ஒரு குதி குதித்தான்.

"இவ என்ன சொன்னா?" என்று அவள் கேட்டாள்.

"யாரு, மிளகா? முயல் வரவே இல்லையேன்னு கேட்டா. அப்புறம் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. தூக்கம் போல."

"எங்க இருக்கா?"

"குளிக்கிறா. தானே குளிச்சுக்குவாளாம். பெரிய மனுஷி."

மிளகு ஒரு நாளும் தனியாகக் குளித்ததில்லை. அம்மா நிலைப்படிக்கு அந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், குதித்ததும் பிடித்துக்கொள்ள. இயக்குநர் ஓடிப்போய்ப் பார்த்தாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டப்போன கை பாதியில் நின்றது. என்ன சொல்லித் தட்டுவது? கதவில் காதை வைத்தாள்.

உள்ளே தண்ணீர் வடிகிற சத்தம். வடிந்து, வடிந்து, கடைசியில் குழாய் களுக்கென்று விழுங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த 'யாரும் இல்லை'க்காகக் காத்திருந்தாள். ஒரு தடவையாவது சொல்லிவிடு கண்ணே என்று வேண்டிக்கொண்டாள். வரவில்லை.

குழாய்க்கு மிக அருகில் குனிந்து பேசுகிற மாதிரி, ரகசியமான குரலில் மிளகு பேசினாள்.

"மெதுவாப் பேசு. அம்மா வெளிய நிக்கிறாங்க."