முறுக்குக் கால் கிளாஸ்

நாகலட்சுமி கிளாசுகளை ஒவ்வொன்றாகத் துவாயில் சுற்றிப் பழப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி அருந்தவனின் தகனத்துக்குப் புறப்பட இன்னும் அரைமணித்தியாலம் இருந்தது.

“சனம் திரும்பி இஞ்சதான் வரப்போகுது, தாட்சா. இந்த வைன் கிளாசுகள் கண்ணில பட்டால், குடிச்சுத்தான் செத்தவன் எண்டு முடிவே கட்டிப்போடும்.”

தாட்சாயினிக்கு மறுத்துப் பேச முகமில்லை. கிளாசுகள் இருந்த கண்ணாடி அலுமாரிக்குத் திரை தைத்துப் போட்டவளே அவள்தான். குவேக்கர்ஸ் ஹில்லில் உள்ள அவர்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதை இழுத்து மூடுவாள். கணவர் அருந்தவன் வாரம் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு, சனிக்கிழமைகளில் பழஞ்சாமான் விற்கும் இடமெல்லாம் அலைந்து சேர்த்தவை அவை. இங்கிலாந்தில் இருநூற்றெழுபது வருஷத்துக்கு முன் வாயால் ஊதிச் செய்தவை. மனிதர் சாராயத்தை முகர்ந்தும் பார்த்ததில்லை. ஆனால் கோயிலில் வரதராஜா, “அருந்தவன் வீட்டிலேயே பார் வைச்சிருக்கிறான்” என்று ஒரு பகிடி விட, அது ஊரெல்லாம் சுற்றியது. அருந்தவன் சிரித்துவிட்டுப் போனார். வெட்கம் அவளைத்தான் பிடுங்கித் தின்றது.

தகனசாலையில் பெட்டி உள்ளே போகும் நேரம், பின்வரிசையில் யாரோ குசுகுசுத்தார்கள்: “ஈரல் பழுதாகிப் போட்டுதாம்.”

இதயம் நின்று இறந்த மனிதருக்கு ஈரலாம். அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. கோபம் வந்தது. அதில் பாதி ஊரின் மேல், மீதி திரை தைத்த தன் கையின் மேல்.

வீட்டுக்கு வந்ததும் குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு நேரே கராஜுக்குப் போய், நாகலட்சுமி அங்கே ஒளித்து வைத்த பழப்பெட்டியைத் தூக்கி வந்தாள். வந்திருந்த சனத்துக்கென வைத்த கடுதாசிக் கப்புகளை ஒதுக்கிவிட்டுக் கிளாசுகளைக் கழுவத் தொடங்கினாள்.

“உனக்கென்ன விசரே?” என்றாள் நாகலட்சுமி.

“ஓம் மச்சாள். துடைக்க ஒரு துணி தாங்கோ.”

முதல் கிளாஸ் வரதராஜாவுக்குப் போனது.

“தண்ணிதான் அண்ணை. அவர் இதில ஒருநாளும் ஒண்டும் ஊத்திக் குடிச்சதில்லை. குடிச்சிட்டு அடியைத் தடவிப் பாருங்கோ.”

வரதராஜா குடித்தார். பெருவிரலை அடியில் வைத்தார். சொரசொரவென்று ஏதோ தட்டுப்பட்டது.

“செய்யேக்க பிடிச்ச கம்பியை முறிச்சு எடுத்த தழும்பு. கையால செய்ததுக்கு அதுதான் அடையாளம். அது இல்லாட்டி அவர் வாங்கமாட்டார்.”

இத்தனை வருஷமும் அருந்தவன் குசினிக் கதிரையில் இருந்து சொன்னதை எல்லாம் அவள் கேளாதவள் போல நின்று கேட்டிருக்கிறாள். இப்போது அது ஒரு தடங்கலும் இல்லாமல் வாயில் வந்தது. கூடத்தில் எல்லார் கையிலும் ஒவ்வொரு கிளாஸ் இருந்தது.

“கிளாசின்ர காலுக்குள்ள வெள்ளை நூல் மாதிரி ஓடுதே, அது என்ன?” வரதராஜாவின் குரல் இறங்கியிருந்தது.

“காத்து. கண்ணாடிக்குள்ள காத்தை விட்டு முறுக்கி இழுத்திருக்கிறாங்கள். வெளிச்சத்தில பிடிச்சால்தான் வடிவாத் தெரியும்.”

வரதராஜா யன்னல் பக்கம் திரும்பி, ஒரு கண்ணை மூடி, கிளாஸை உயர்த்தினார். பக்கத்தில் நின்றவரும் உயர்த்தினார். பிறகு அவருக்குப் பின்னால் நின்றவர்கள். குசினி வாசலில், ஈரத் துணியைத் தோளில் போட்டபடி, நாகலட்சுமியும் ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.