மறுத்துவிட்டு வந்தவர்கள்

வங்கி மேலாளர் கணினித் திரையைக் கயல்விழியின் பக்கம் திருப்பவில்லை. அவரே படித்துச் சொன்னார்.

"கிரெடிட் கார்டு பாக்கி நிக்குதும்மா. ஒரு மாசங்கூடக் கட்டல. சிபில் ஸ்கோர் விழுந்திருச்சு. பயிர்க்கடன் பாஸ் ஆகாது."

"எங்கிட்ட கார்டே இல்லீங்க சார்."

"உங்க பேரு, உங்க ஆதாரு, உங்க போன் நம்பரு. ஜூன்ல வாங்கியிருக்கீங்க. ஏதோ ஹாலிடே கிளப்பாம், ஒரே தேய்ப்புல லட்சத்துக்கு மேல போயிருக்கு." மேலாளர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "விவசாயத்துக்குக் கடன் கேக்குறீங்க. ஊர் சுத்தக் காசு இருக்கு."

கயல்விழி வெளியே வந்தாள். வங்கிப் படியில் நின்றபோதுதான் அந்த ஹோட்டல் நினைவுக்கு வந்தது.

தஞ்சாவூரில் ஜவுளிக்கடைக் கூப்பனை நிரப்பிப் பெட்டியில் போட்டிருந்தாள். போன் வந்தது. பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்தால்தான் தருவோம் என்றார்கள். அவளும் அறிவுச்செல்வனும் பஸ் ஏறித் திருச்சி ரோட்டில் இருக்கும் அந்த ஹோட்டலுக்குப் போனார்கள். குளிரூட்டிய ஹால். வட்ட மேசைகள். பக்கத்து மேசையின் பேச்சு கேட்காத அளவுக்குப் பாட்டு. கொடைக்கானல், கோவா, மூணாறு. வருஷம் ஒரு வாரம், இருபத்தைந்து வருஷத்துக்கு.

"ஒரு வாரம் எங்க வயலை யாரு தம்பி பாத்துக்குறது? நீ வந்து தண்ணி கட்டுவியா?" என்றான் அறிவுச்செல்வன்.

யாராவது பணம் கட்டிச் சேர்ந்தால் சால்வை போர்த்திக் கைதட்டினார்கள். ஒருவர் பேசி முடித்ததும் இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். கடைசியில் கோட்டு போட்ட ஒருவன் வந்தான். "சார், வீட்டுல முடிவெடுக்கிறது நீங்களா, மேடமா?" என்று கண்ணடித்தான்.

"அவதான்" என்றான் அறிவுச்செல்வன்.

கயல்விழி வேண்டாம் என்றாள். கோட்டுக்காரன் விலையைப் பாதியாக்கினான். வேண்டாம் என்றாள். தவணை என்றான். அதற்கும் வேண்டாம் என்றாள்.

பரிசாக வந்த ஒரு ஹாட்பாக்ஸோடு ஊருக்குத் திரும்பினார்கள். பஸ்ஸில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அறிவுச்செல்வன் அந்தக் கோட்டுக்காரனைப் போலவே டீக்கடையில் நடித்துக் காட்டினான். "நம்மளையா ஏமாத்துறான்?"

பரிசைத் தருவதற்கு முன்பு மதிவதனி என்ற பெண், சட்டையில் பெயர் குத்தியிருந்தவள், ஆதாரையும் பான் கார்டையும் படம் எடுத்தாள். கிஃப்ட் கோடு வரும் என்று கயல்விழியின் போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். வந்த எண்ணை அவளே தட்டினாள். பிறகு போனை முகத்துக்கு நேரே பிடித்தாள். "கண்ணை மூடித் திறங்கக்கா. இன்னொரு தடவ. லேசாத் தலையத் திருப்புங்க." கயல்விழி கண்ணை மூடித் திறந்தாள். தலையைத் திருப்பினாள். ஒரு ஹாட்பாக்ஸுக்கு இவ்வளவா என்று சிரிக்கவும் செய்தாள்.

அதன் பிறகு கார்டு பாக்கி என்று போன்கள் வந்தன. ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்து ஒவ்வொன்றையும் துண்டித்தாள்.

ஹோட்டல் இருக்கும் பகுதியின் காவல் நிலையத்தில் எழுத்தர் கேட்டார்: "போனை நீங்கதானே குடுத்தீங்க? கண்ணை நீங்கதானே சிமிட்டுனீங்க? அப்புறம் என்ன புகாரு? ஆன்லைன்ல போட்டுப் பாருங்க."

கார்டு நிறுவனத்தில் ஒரு குரல், தாங்கள் முழுச் சம்மதம் தெரிவித்துள்ளீர்கள் என்றது. அவள் கத்தத் தொடங்கியதும் பாட்டுப் போட்டது.

வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நாற்றங்காலில் நாற்று நடவு வயதைத் தாண்டிக்கொண்டிருந்தது. நகையெல்லாம் குறுவைக்கே அடகுக்குப் போய்விட்டது. உழவுக்கும் உரத்துக்கும் நடவாள் கூலிக்கும் அந்தக் கடனை விட்டால் வேறு வழியில்லை.

"வெளிய சொல்லித் தொலைக்காத" என்றான் அறிவுச்செல்வன். "டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது."

"உங்களுக்கு டீக்கடை பெருசாப் போச்சு."

"என்னைய என்னடி பண்ணச் சொல்ற?"

"எங்கூட வாங்க. ஜோடியா வந்தாத்தானே உள்ள விடுவான்."

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். ஹாலில் அதே மேசைகள், அதே பாட்டு. கோட்டுக்காரன் இருவரையும் ஒரு பக்க அறைக்கு அழைத்துப் போய்க் குளிர்பானம் வைத்தான். கயல்விழி தொடவில்லை.

"சின்ன மிஸ்டேக் மேடம். டீம்ல யாரோ அவசரப்பட்டுட்டாங்க. கார்டுல போன பணம் முழுசாத் திரும்பிரும். ஒரே வாரத்துல பேங்குலயும் கிளியர் ஆயிரும். இதுல ஒரு கையெழுத்து மட்டும்."

அவள் படித்தாள். நான் முழு விருப்பத்துடன் உறுப்பினராகச் சேர்ந்தேன், அட்டைக்கும் நானே விண்ணப்பித்தேன், இப்போது சொந்தக் காரணங்களால் விலகுகிறேன், யார் மீதும் எனக்குப் புகார் இல்லை.

அறிவுச்செல்வன் பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினான். "போட்ரு கயலு. நாத்து முத்திக்கிட்டு இருக்கு."

"நான் விரும்பிச் சேரலையே."

"சும்மா ஒரு வார்த்தைதான் மேடம்" என்றான் கோட்டுக்காரன்.

"ஒரு வார்த்தைதானே? மாத்தி எழுதுங்க. இவங்க வேண்டாம்னாங்க, நாங்க திருட்டுத்தனமா எடுத்தோம்னு எழுதுங்க. இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். தாளை இழுத்துக்கொண்டான். "அப்ப நீயே கட்டு. ஓசிச் சோத்துக்கும் ஹாட்பாக்ஸுக்கும் பஸ் ஏறி வர்ற கூட்டம். நேத்து வரைக்கும் அடுத்தவன் வயல்ல நாத்துப் பறிச்சவங்களையெல்லாம் ஏசி ரூம்ல உக்கார வச்சா இப்படித்தான்."

அறிவுச்செல்வன் பேனாவை மூடி மேசைமேல் வைத்தான்.

கயல்விழி எழுந்து ஹாலுக்குள் போனாள். முதல் மேசையில் ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே மதிவதனி போனைப் பிடித்திருந்தாள்.

"என்னையத் தெரியுதாடி?"

மதிவதனிக்கு முகம் வெளுத்தது. "அக்கா, சத்தம் போடாதீங்கக்கா. என் வேலை போயிரும்."

"எனக்கு ஒரு போகமே போகுது." கயல்விழி அந்தப் பெண்ணிடம் குனிந்தாள். "போனை வாங்குங்க அவகிட்டேர்ந்து. உங்க பேர்ல கார்டு எடுக்குறா."

பெண்ணுக்குக் கேட்கவில்லை. "என்னங்க?" என்று காதில் கை வைத்தாள். கயல்விழி கத்தினாள். பாட்டு அதையும் விழுங்கியது. கோட்டுக்காரன் ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்தான்.

பாட்டு நின்றது. சுவரோரம் அறிவுச்செல்வன் நின்றிருந்தான். ஸ்பீக்கரின் வயர் அவன் கையில் இருந்தது.

"சொல்லு கயலு" என்றான்.

அவள் சொன்னாள். அடுக்கிச் சொல்லத் தெரியவில்லை. ஆதார், போன், கண், வங்கி, நாற்று. திரும்பத் திரும்ப ஒன்றை மட்டும் சொன்னாள்: "நாங்களும் வேண்டாம்னுட்டுத்தான் போனோம். உங்களை மாதிரி சிரிச்சிக்கிட்டுத்தான் போனோம்."

ஒருவர் மனைவியின் போனை வெடுக்கென்று வாங்கிப் பார்த்தார். "ஏய், கார்டு அப்ரூவ்டுனு வந்திருக்கு!" நாற்காலிகள் நகர்ந்தன. சால்வை போர்த்தியிருந்த ஒருவர் அதை உருவித் தரையில் எறிந்தார்.

போலீஸை அழைத்தது கோட்டுக்காரன்தான். ஹோட்டலுக்குள் புகுந்து கலாட்டா, பொருட்சேதம் என்று சொன்னான்.

"யாரு கலாட்டா பண்ணது?" என்றார் வந்த எஸ்.ஐ.

"நான்தான்" என்றாள் கயல்விழி. "கூட்டிட்டுப் போங்க."

மேசையருகே நின்ற இரண்டு மூன்று தம்பதிகளும் பின்னாலேயே வந்தார்கள். நிலையத்தில் அதே எழுத்தர் இருந்தார். கோட்டுக்காரனின் புகாரை வாங்கி வைத்தார். பிறகு அவளைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது.

"இவளையும் விசாரிச்சு எழுதுய்யா" என்றார் எஸ்.ஐ. "அந்த ஜனங்க சொல்றதையும் எழுது. அந்தக் கோட்டு போட்டவனை இங்கயே உக்காரச் சொல்லு."

எழுத்தர் புதுத்தாள் எடுத்தார்.

வாசலில் அறிவுச்செல்வன் போனில் பேசுவது உள்ளே கேட்டது. "ஐயாவு அண்ணே, நாத்தை நீங்க பறிச்சுக்குங்க. இன்னைக்கே ஆளை விடுங்க, இன்னும் முத்துனா மாட்டுக்குத்தான். இல்லண்ணே, காசெல்லாம் வேணாம். எங்களுக்கு இந்தப் போகம் இல்ல."

கயல்விழி எழுத்தரின் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

"மெதுவாச் சொல்லும்மா" என்றார் எழுத்தர். "கை ஓட வேணாமா?"

கயல்விழி மெதுவாகச் சொல்லவில்லை.