நெறையா இருக்கு

1

"கடைப்பக்கம் போறேன், உப்பு இருக்கா?" என்று கேட்டேன். அடுப்படியில் ஜாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "நெறையா இருக்கு" என்றாள் நாகஜோதி. நான் உப்பு வாங்கப் போனேன்.

[வெளியூர் வாசகருக்கு: எங்கள் வட்டாரத்து வீடுகளில் உப்பு, அரிசி, தண்ணீர் தீர்ந்துபோனால் 'இல்லை' என்று சொல்ல மாட்டோம். சொன்னால் அந்தச் சொல் வீட்டிலேயே தங்கிவிடும் என்று ஒரு பயம். 'நெறையா இருக்கு' என்போம். கேட்டவர் புரிந்துகொண்டு கடைக்குப் போவார்.]

திரும்பி வந்தபோது என் மனைவி தரையில் கிடந்தாள். இதயம் என்றார்கள். (இந்த வாக்கியத்தை நீட்டி எழுதிப் பார்த்தேன். நீளவில்லை.)

சாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத இது தண்ணீரைப் பற்றியும் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பற்றியும் ஆகிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'மானகிரிக்கு அப்பால், கருவேலங்காட்டின் நடுவே, தாகத்தில் நா வறண்ட ஒரு'

அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் யாருக்கும் நா வறளவில்லை. குழாயில் தண்ணீர் வரும். பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கும்போது வரும். அதுதான் தொல்லை.

நாகஜோதி இந்த ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். இடதுகையால் எழுதுவாள், போர்டில் எழுதியதில் பாதியை அவள் புறங்கையே அழித்துவிடும். முதல் பீரியடு அவளுடையது. அதில் கீர்த்தி என்ற பெண் பாதி நாள் இருக்க மாட்டாள். அம்மா கூலி வேலைக்குப் போய்விட, அவள் குழாயடியில் நிற்பாள். 'பாதி நாள் போறதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம், திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பிருவோம்' என்று வீட்டில் பேச்சு கிளம்பியிருந்தது.

"தண்ணி நேரத்த மாத்துங்கன்னு பஞ்சாயத்துல போயி அழுதா ஒருத்தரும் கேக்க மாட்டாக. எண்ணிக் காட்டுனா கேட்டுத்தான் ஆகணும்" என்று வகுப்பில் சொன்னாள் நாகஜோதி. கணக்கெடுப்பு அப்படித் தொடங்கியது.

3

பள்ளி விட்டதும் பிள்ளைகள் வீடு வீடாகப் போனார்கள். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். கேள்வி: 'வீட்டுக்குப் போதுமான தண்ணீர் இருக்கிறதா?'

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது எங்கள் ஊரில் எந்தப் பெண் 'இல்லை' என்பாள்? தெருத் தெருவாக ஒரே பதில்.

மறுநாள் பஞ்சாயத்துத் தலைவர் சுபலட்சுமி அந்தத் தாள்களைப் புரட்டினார். "எல்லா வீட்லயும் நெறையா இருக்குன்னுல்ல எழுதியிருக்கீக. அப்ப தண்ணியக் கொறைக்கச் சொல்லி மனுவா, டீச்சர்?"

(சுபலட்சுமியைக் கல்நெஞ்சக்காரியாக எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கோபப்பட எனக்கு யாராவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அன்று அவர் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுத்தார்.)

வீட்டுக்கு வந்து நாகஜோதி சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "சனங்களக் குத்தஞ் சொல்ல முடியாதுங்க. கேள்விதான் தப்பு. திங்கக்கெழம வேற கேள்வி குடுக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை நான் உப்பு வாங்கப் போனேன்.

4

காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு மாலை கீர்த்தியும் அவள் வகுப்புப் பையன் அருள்பாண்டியும் வந்தார்கள்.

"சார், அந்தத் திங்கக்கெழமக் கேள்வி என்னன்னு டீச்சர் ஒங்ககிட்ட சொன்னாகளா?"

"சொல்லலியேம்மா."

கல்லல் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். கணக்குப் பாடம் எனக்கென்ன தெரியும்? வந்த பிள்ளைகளை வெறுமனே அனுப்பக் கூடாதே என்று உப்புக் கதையைச் சொன்னேன்.

"நெறையான்னு சொன்னாக, நீங்க எப்புடி சார் காலின்னு கண்டுபிடிச்சீக?" என்றான் அருள்பாண்டி.

"ஜாடியத் தட்டுனாள்ல. சத்தம் சொல்லிருச்சு."

கீர்த்தி விரலால் தரையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். பிறகு அவனிடம், "அப்ப ஆளுககிட்ட கேக்கக் கூடாதுடா. கொடத்தப் பாக்கணும்" என்றாள்.

"கொடத்தப் பாத்து என்னா தெரியும்?"

"ஒரு நா நீ தூக்கிப் பாரு. எல்லாம் தெரியும்."

5

முதல் மணி அடிக்கையில் குழாயடி வரிசையில் கிடந்த காலிக் குடங்களை எண்ணினார்கள். அதே நேரத்தில் வகுப்பில் வராதவர்களை எண்ணினார்கள். தண்ணீர் விடாத நாளில் குடங்களும் இருக்காது, பெஞ்சும் நிறைந்திருக்கும். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் வரைந்தபோது இரண்டு கோடுகளும் கைகோத்துக்கொண்டு ஏறி இறங்கின.

சுபலட்சுமி அட்டையை நெடுநேரம் பார்த்தார். "சரித்தா. ஆனா தண்ணி தெறக்குற ஆளு ஒருத்தருதான. அவரு மொதல்ல சந்தைத் தொட்டிய நெரப்பிட்டுல்ல இங்குட்டு வாராரு."

"சந்தை வாரத்துக்கு ஒருநாத்தான கூடுது" என்றாள் கீர்த்தி. "மத்த நாளு தொட்டி ததும்பி ரோட்டுல ஓடுது. அதையும் எண்ணியிருக்கோம்."

"இதயுமா எண்ணுனீக?" என்று கேட்டுவிட்டுப் போனை எடுத்தார் சுபலட்சுமி.

இந்த இடத்துக்கு வேறு முடிவுகளும் எழுதினேன். ஒன்றில் மனு அலமாரியில் கிடக்கிறது, கீர்த்தி திருப்பூர் பஸ்ஸில் ஏறுகிறாள். எழுதும்போது அழுகை வந்தது, ஆனால் அது நடக்கவில்லை. இன்னொன்றில் நாகஜோதி வாசலில் நின்று கீர்த்தி பேசுவதைக் கேட்டுக்கொண்டு

வேண்டாம்.

நடந்தது இதுதான்: இப்போது விடியும்போதே தண்ணீர் வந்துவிடுகிறது. கீர்த்தி முதல் பீரியடில் உட்கார்ந்திருக்கிறாள். அதைக் கேள்விப்பட்ட அன்று நான் மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து தூங்கினேன். நாகஜோதி போனபின் அப்படித் தூங்கியதில்லை.

6

போன மாதம் கீர்த்தி மறுபடி வந்தாள். ஆளுக்குத் தகுந்தபடி குடம் பிரிக்க ஒரு புதுக் கணக்கெடுப்பாம்.

"சார், வீட்ல எத்தன பேரு?"

வாயைத் திறந்தேன். அவள் காத்திருக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே அடுப்படியை ஒரு பார்வை பார்த்தாள், எதையோ எழுதினாள், "வாரேன் சார்" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். என் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது.

என்ன எண் எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அந்த எண்தான் இந்தக் கதையின் முடிவு. அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் பார்த்ததை மட்டும் தருகிறேன்.

கழுவிக் கவிழ்த்த டம்ளர், ஒன்று.

உப்பு ஜாடி, அடுப்புக்கு இடப்பக்கம். நான் வலதுகைக்காரன்.